கதவுக்கடியில் போன வயர்

என் மாமனார் வீட்டுக் கூடத்தில், சாமி படங்களுக்கு மேலே ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். அந்த வீட்டில் மின்சாரத்தைப் பற்றி நான் முழுதாக நம்புவது அதை மட்டும்தான். டியூப் லைட்டெல்லாம் இப்போது எல்.இ.டி. வோல்டேஜ் எவ்வளவு விழுந்தாலும், சண்டை போட்டுவிட்டு விருந்துக்கு வந்த புருஷன் பெண்டாட்டி மாதிரி, அது வெளியே காட்டிக்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருக்கும். சிவப்பு பல்புக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வயல் பக்கம் ஒரு மோட்டார் ஓட ஆரம்பித்தால் லேசாகக் கறுக்கும். பத்து மோட்டார் ஓடினால் சாமியே தெரியாது.

பெரம்பலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் லேப் என் பொறுப்பு. வருடா வருடம் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் முதல் நாள் இப்படி ஒரு ஜீரோ வாட் பல்பைத்தான் காட்டுவேன். இதில் எவ்வளவு கரண்ட் போகும் என்று கேட்டால், "ஜீரோ சார்" என்று ஒரே குரலில் கத்துவார்கள். இணைத்துக் காட்டினால் மில்லி அம்மீட்டர் முள் மெல்ல எழுந்து நிற்கும். வோல்டேஜைக் கரண்ட்டால் பெருக்கினால் வாட், அதாவது இந்த பல்பு எவ்வளவு வேகமாக எரிந்துகொண்டிருக்கிறது என்பது. வோல்டேஜைக் கரண்ட்டால் வகுத்தால் ஓம், அதாவது அது எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பது. இந்த இரண்டு கணக்கும் கைவந்துவிட்டால் மீதியெல்லாம் தானாக வரும் என்பேன். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வேன். பிள்ளைகள் முணுமுணுவென்று பெருக்கிக்கொண்டும் வகுத்துக்கொண்டும் இருக்கும் சத்தத்தில் எனக்குக் கண் செருகும். எனக்குக் கொஞ்சம் கனவு காணும் சுபாவம். நின்றுகொண்டே எங்கேயோ போய்விடுவேன்.

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் பெண்ணுடைய அம்மா வீட்டில்தான். வளைகாப்புப் போட்டுக் கையோடு அழைத்துப்போய்விடுவார்கள். பெரம்பலூர் டவுனில், எந்த நேரம் மீட்டர் வைத்துப் பார்த்தாலும் இருநூற்று முப்பது வோல்டுக்குக் குறையாத வீட்டில் இருந்த என் மனைவியை, செந்துறைக்கும் அந்தப் பக்கம், லைன் கம்பி முடிகிற கடைசிக் கம்பத்து வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு அனுப்பிவைத்தேன். பெண்டாட்டியை வோல்டேஜ் பார்த்தா அனுப்புவார்கள்?

டாக்டர் சொன்ன தேதி வரைக்கும் மகள் காத்திருக்கவில்லை. அவசரமாக, மார்கழிக் குளிரில், அரியலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப்புறம், சூடு தருகிற விளக்குக்குக் கீழே கிடந்தாள். என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும்தான் அவளுடைய மொத்த நீளம். கண்ணாடியில் என் மூச்சுப் பட்டுப் பட்டுப் பனிப்படலம் படியும். துடைப்பேன். திரும்பப் படியும். அந்த நாட்களில் வேறு என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

வீட்டுக்கு அழைத்துப்போகலாம் என்று சொன்ன அன்று, அந்தப் பிரிவின் நர்ஸ் என்னையும் என் மனைவியையும் நிற்கவைத்துப் பேசினார்.

"இவளுக்கு இப்ப ரெண்டு வேலை சார். ஒடம்பச் சூடா வச்சிக்கணும், எடையும் ஏறணும். குளுருல கெடந்தான்னா குடிக்கிற பாலு பூரா சூட்டுக்கே போயிரும். எடை ஏறாது. அப்பப்ப வயித்தையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்க. வயிறு வெதுவெதுன்னு இருந்து பாதம் சில்லுன்னு இருந்தா அவளுக்குக் குளுருதுன்னு அர்த்தம். ஒடனே வெறும் நெஞ்சுல போட்டுப் போர்த்திக்கணும். அம்மாவால முடியலன்னா அப்பா வச்சிக்கலாம். அடுத்த வாரம் எடை பாக்கக் கொண்டாங்க. ஏறலன்னா திரும்ப உள்ள வச்சிருவோம். சளி இருமல் இருக்கறவங்க கிட்ட வரக் கூடாது."

நான் எதைக் கேட்டேன் என்றால், பால் சூட்டுக்குப் போய்விடும் என்றாரே, அதை மட்டும்தான். என் மகளும் ஒரு ஜீரோ வாட் பல்பு. ஒன்றுமில்லை என்பது போலத் தெரிந்தாலும் உள்ளே எரிந்துகொண்டிருக்கிறாள். வெளியிலிருந்து சூடு கொடுத்தால் அவள் தன் பங்கை எரிக்காமல் சேர்த்துவைப்பாள். இவ்வளவுதானே, இது என் பாடம்தானே என்று மனது துள்ளியது. நெஞ்சு, போர்வை, அப்பா என்று அவர் சொன்னதையெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டேன். திரும்பும் வழியிலேயே அரியலூர்க் கடைத்தெருவில் ஆயிரம் வாட் ஹீட்டர் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் போட்டுக் காட்டியபோது அதன் கம்பிச் சுருள் நல்ல ஆரஞ்சு நிறத்தில் கனன்றது. மனசுக்கு நிறைவாக இருந்தது.

என் மாமியாருக்கு வேறொரு வழி இருந்தது. கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். "எம் பேத்தி தேறி வந்துட்டா அவ எடைக்கு எடை கடலை கொட்டுறேன்" என்றார். இப்போது இருக்கிற எடைக்கு ஒரு சின்னப் பை போதுமே அத்தை என்று சொல்லவந்து, அவர் கண்ணைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சட்டதிட்டங்கள் தெரிந்தன. பிரசவ அறை உள்ளே. எனக்குக் கூடம்.

"தீட்டு கழியிற வரைக்கும் நீங்க இங்கயே படுத்துக்கங்க மாப்ள. பச்ச ஒடம்புக்காரி இருக்கற ரூமு. ஆம்பளைங்க போவக் கூடாது" என்றார் மாமியார். அவருக்கே மார்கழிப் பனியில் இருமல் பிடித்திருந்தது. மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துண்டால் கட்டிக்கொண்டு, தட்டும் தண்ணீருமாக உள்ளே போய்ப் போய் வந்தார். இரவிலும் அறைக்குள்ளேயே தள்ளிப் படுத்துக்கொள்வார், குழந்தையைத் தூக்க மாட்டார்.

உள் அறையில் இருந்தது சின்ன பிளக். ஹீட்டருக்கு வேண்டிய பவர் பிளக் கூடத்தில் ஃபிரிஜ்ஜுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதனால் ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்துக் கதவுக்கடியில் விட்டேன். அந்தப்புறம் ஹீட்டர், என் மனைவி, என் மகள். இந்தப்புறம் பாயும் நானும். கதவு சாத்தியே இருக்கும். எப்போதாவது ஒரு சிணுங்கல் கேட்கும். எனக்கும் மகளுக்கும் இடையில் அந்த வயர் ஒன்றுதான் இருந்தது. அதன் ஓரமாகவே பாயை விரித்துப் படுத்தேன்.

முதல் விடியற்காலையில் குளிர் தாங்காமல் எழுந்தேன். மூன்று முனைக் கரண்ட் வந்துவிட்டிருந்தது. எங்கள் ஊர்களில் மோட்டார் ஓடுவது அதில்தான். அது எப்போது வரும் என்று யாரும் காத்துக் கிடப்பதில்லை. ஒவ்வொரு மோட்டாரிலும் ஆட்டோ என்று ஒரு பெட்டி மாட்டியிருப்பார்கள். கரண்ட் வந்ததும் அது தானாக மோட்டாரைக் கிளப்பிவிடும். ஆகையால் ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அத்தனை மோட்டாரும் ஒரே மூச்சில் எழுந்துகொள்ளும். தூரத்தில் பனிக்குள்ளிருந்து அவற்றின் முனகல் கேட்டது. சாமி படத்தின் மேல் சிவப்பு பல்பு, அணையப்போகிற ஊதுவத்தி முனை மாதிரி ஒரு புள்ளியாகச் சுருங்கியிருந்தது.

கதவிடுக்கு வழியாகத் தரையில் விழுந்த ஹீட்டர் வெளிச்சத்தைப் பார்த்தேன். கடையில் கண்ட ஆரஞ்சு எங்கே, இது எங்கே? ஈரச் செங்கல் நிறம்.

பையிலிருந்து கிளாம்ப் மீட்டரை எடுத்தேன். வயரை வெட்டாமல், இடுக்கி மாதிரி அதைச் சுற்றிக் கவ்வினால் உள்ளே போகிற கரண்ட்டைச் சொல்லிவிடும். கவ்வினேன். ஜீரோ.

சூடே போகவில்லையா? இரவு முழுக்க அவள் குளிரிலா கிடந்தாள்? கதவைத் தட்டக் கை ஓங்கிவிட்டேன். அப்புறம்தான் புத்தி வந்தது. வயரின் இரண்டு இழைகளையும் சேர்த்துக் கவ்வியிருக்கிறேன். போகும் கரண்ட்டும் திரும்பும் கரண்ட்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மீட்டரில் சைபராகத்தான் நிற்கும். இந்தத் தப்பைச் செய்கிற பையனை நான் லேப்பில் அரை மணி நேரமாவது கிண்டல் செய்வேன். உறையை மெல்லக் கீறி ஒரு இழையை மட்டும் பிரித்துக் கவ்வினேன். மூன்று ஆம்பியர். பிளக்கில் வோல்டேஜ் பார்த்தேன். நூற்று அறுபது.

வகுத்தேன். ஐம்பத்து மூன்று ஓம். பெட்டியில் அச்சிட்டிருக்கிற கணக்குப்படியும் அதேதான். அப்படியானால் ஹீட்டர் மேல் குற்றமில்லை, கம்பிச் சுருள் பத்திரமாக இருக்கிறது. பெருக்கினேன். நானூற்று எண்பது வாட். ஆயிரத்தில் பாதிகூட இல்லை.

இதைத்தான் எல்லாரும் தப்பாக நினைப்பார்கள். வோல்டேஜ் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தானே இறங்கியிருக்கிறது, சூடும் அவ்வளவுதானே இறங்கும் என்பார்கள். ஆனால் வோல்டேஜ் இறங்கும்போது கரண்ட்டையும் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டுதான் இறங்குகிறது. இளைத்ததை இளைத்ததால் பெருக்குகிறோம். அதனால் வெளிச்சம் கொஞ்சம் மங்கினாலே சூடு பாதி போய்விடும். எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியதுதான். அன்று அந்தக் கூடத்தின் சிமென்ட் தரையில் உட்கார்ந்து அதை மனதுக்குள் போட்டபோது, அந்த விடையில் என் மகள் இருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

மாமனார் வேப்பங்குச்சியோடு வெளியே போகக் கிளம்பினார். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"மாமா, நம்ம மோட்டார மட்டும் காலையில கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சா..."

அவர் என்னைப் பார்க்காமல் வாசல் பனியைப் பார்த்தார். "கடலை பூவெடுத்து விழுது எறங்குற நேரம் மாப்ள. இப்பத் தண்ணி காட்டலன்னா பூரா பொக்காப் போயிரும். அதுவுமில்லாம நான் ஒருத்தன் நிறுத்தி என்னாவப் போவுது? ஊரே ஓடுதுல்ல."

மாப்பிள்ளை முறுக்கு என்று ஒன்று இருக்கிறதே, அது எனக்கும் கொஞ்சம் உண்டு. மறுபடியும் கேட்கவில்லை.

செந்துறையிலிருந்து அரியலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து பெரம்பலூருக்கு இன்னொன்று. அன்று காலை ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. பனி மட்டும். பனிக்குள்ளிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று முகத்தை நீட்டும், மறையும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பனைமரம். பஸ் நகர்கிறதா, உலகம் நகர்கிறதா என்றே தெரியவில்லை. லைன் கம்பிகள் மட்டும் ஜன்னலோரமாகத் தொய்ந்து எழுந்து, தொய்ந்து எழுந்து கூடவே வந்தன. இந்தக் கம்பியில் போகிற கரண்ட்டுதானே கடைசிக் கம்பம் வரைக்கும் போய், கதவுக்கடியில் நுழைந்து, அவள் கால்மாட்டில் சூடாக மாறுகிறது என்று நினைத்துக்கொண்டே வந்தேன். வழியெல்லாம் கம்பியின் ஓம்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்தது போக, மிச்சம்தான் அவளுக்கு. கண்ணை மூடினால் ஒரு முள் ஆடியது. வலதுபக்கம் போ, போ என்று தூக்கத்திலேயே அதைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பிவிட்டார்.

சாயங்காலம் திரும்பும்போது மடியில் ஒரு ஸ்டெபிலைசர் இருந்தது. எங்கள் வீட்டு ஏசிக்குச் சும்மா மாட்டி வேலையில்லாமல் கிடந்ததைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். வருகிற வோல்டேஜ் குறைந்தாலும் கூட்டிக் கொடுக்கிற பெட்டி. கனம் தாங்காமல் தொடை மரத்துப்போயிற்று. ஆனாலும் கீழே வைக்க மனம் வரவில்லை.

மாட்டியதும் பலன் தெரிந்தது. கதவிடுக்கில் ஆரஞ்சு வெளிச்சம் வந்தது. நாலு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல், வோல்டேஜ் இருநூற்று இருபதுக்கும் மேல், பெருக்கினால் தொள்ளாயிரத்துச் சொச்சம் வாட். கதவுக்கு அந்தப்பக்கத்திலிருந்து என் மனைவி, "என்னங்க, நல்லாச் சூடு வருதுங்க" என்றாள். அவள் குரல் களைத்திருந்தது. பால் கட்டிக்கொண்டு மார்பெல்லாம் வலி, லேசாகக் காய்ச்சலும் இருந்தது. அதையும் அவள் கதவு வழியாகத்தான் சொன்னாள். கல்யாணமான புதிதில் ஒருமுறை மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் அவள் விரல்களில் பிடிக்கச் சொல்லி, எத்தனை ஓம் என்று பார்த்தேன். "கோவமா இருந்தா கூடக் காட்டுமா?" என்று கேட்டாள். வேர்த்தால் குறையும் என்றேன். அதைக் கேட்டுச் சிரித்தவள் இப்போது மூடிய கதவுக்குப் பின்னால் இருந்தாள். அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கெட்டிக்காரத்தனமாக ஒரு பெட்டியை மாட்டிவிட்ட பெருமையோடு வயர் ஓரமாகப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

கனவில் அதே பஸ். உள்ளே ஆட்களுக்குப் பதில் சீட்டுக்கு ஒரு பல்பு உட்கார்ந்திருந்தது. டிரைவர் சீட்டில் சிவப்பு ஜீரோ வாட். மேடு ஏற ஏற ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டே வந்தன. நான் சீட்டு சீட்டாகப் போய்க் கையைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தேன், அடுப்பை ஊதுவது போல. டக் என்று ஒரு சத்தம் கேட்டது. பஸ் நின்றுவிட்டது.

கண்ணைத் திறந்தேன். தரை சில்லென்று இருந்தது. தூரத்தில் மோட்டார்கள் முனகின. கதவிடுக்கில் வெளிச்சமே இல்லை.

ஸ்டெபிலைசரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு அளவுக்குக் கீழே வோல்டேஜ் இறங்கினால் அது கூட்டிக் கொடுக்காது, மொத்தமாக வெட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அதுவும் இறங்கியது மோட்டார்களால் மட்டுமில்லை. இந்தப்பக்கம் கூட்டிக் கொடுக்கிற பெட்டி அந்தப்பக்கம் கூடுதலாக இழுத்தாக வேண்டும். கம்பத்திலிருந்து வருகிற மெலிந்த பழைய சர்வீஸ் வயரில் அப்படி இழுக்க இழுக்க, வோல்டேஜ் இன்னும் சரிந்திருக்கிறது. கடைசியில் தன் காலைத் தானே வாரிக்கொண்டது. சத்தம் நான் கனவில் கேட்ட கணத்தில் வந்ததா, அதற்கு வெகுநேரம் முன்பா என்று தெரியவில்லை. அதை எந்த மீட்டரிலும் பார்க்க முடியாது. ஸ்டெபிலைசரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஹீட்டரை நேரடியாக மாட்டினேன். கம்பிச் சுருள் சிவக்க யோசித்தது.

கதவு திறந்தது. மாமியார் முகத்துத் துண்டுக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

"மாப்ள, ஈட்டரு அணைஞ்சி கெடந்துருக்கு. நானும் கண்ணசந்துட்டேன். புள்ள வயிறு சூடாத்தான் இருக்கு, பாதம் சில்லுன்னு இருக்கு. பாலு குடிக்கவும் மாட்டேங்குது. அவளால நெஞ்சுல போட முடியல, மாரு கல்லாட்டம் கட்டிக் கெடக்கு, தொட்டாலே துடிக்கிறா. எனக்கு இந்த இருமல் எழவு வேற..." சொல்லும்போதே இருமினார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரலாம் அத்தை."

"இந்தப் பனியிலயா? போறதுக்குள்ள இன்னும் குளுந்துருமே மாப்ள!"

நாங்கள் இரண்டு பேரும் வாசற்படியின் இரண்டு பக்கமும் நின்றோம். என் தலைக்குள் எண்கள் சுற்றிக்கொண்டிருந்தன. இன்னொரு ஹீட்டர், இன்னும் தடித்த வயர், வேறு ஸ்டெபிலைசர். எல்லாம் பெரம்பலூரில், அரியலூரில், கடை திறந்த பிறகு. அப்போது உள்ளேயிருந்து என் மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, நர்ஸு அன்னைக்கே சொன்னாங்கல்ல, அப்பா வச்சிக்கலாம்னு. உள்ள வாங்க."

நான் அசையவில்லை. மாமியாரும் அசையவில்லை. அவர் கை நிலையைப் பிடித்திருந்தது. அந்தக் கையைத் தாண்டி இதுவரைக்கும் எந்த ஆண்பிள்ளையும் அந்த அறைக்குள் போனதில்லை என்பது எனக்குத் தெரியும். அவருடைய தம்பிகள் போனதில்லை, என் மாமனார் போனதில்லை. அவர் ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தார். ஒருமுறை சாமி படத்தைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"கையக் கால கழுவிட்டு வாங்க" என்றார்.

கொல்லைத் தொட்டித் தண்ணீர் பல்லைக் கிட்டவைத்தது. கைகளை அழுந்தத் துடைத்து, சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டு, சட்டையையும் பனியனையும் கழற்றிப் போட்டு, உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். என் மனைவி ஒரு கையால் தாங்கி அவளைத் தூக்கினாள். துணியை விலக்கி, தலைக்குக் குல்லாவும் இடுப்புத் துணியும் மட்டுமாக என் நெஞ்சின் மேல் குப்புறப் படுக்கவைத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பிவிட்டாள். மேலே கம்பளியைப் போர்த்தினாள். வெளியே நிற்கிறபோது அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது, உள்ளே வந்ததும் இவ்வளவுதான்.

பாதங்கள் என் விலாவில் பட்டன. பனியில் ஊறிய கடலைக்காய் இரண்டு ஒட்டிக்கொண்டது போலிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் எடையே தெரியவில்லை. மூச்சு மட்டும் தெரிந்தது. சிறிய, அவசர மூச்சு.

திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்துச் சிவப்பு பல்பு தெரிந்தது. மங்கலான புள்ளி. இன்னொரு மோட்டார் எங்கேயோ கிளம்பியிருக்க வேண்டும், இன்னும் கறுத்தது. பழக்கதோஷத்தில் என் மனது கணக்குப் போட ஆரம்பித்தது. நூற்று ஐம்பதா? அதற்கும் கீழேயா? ஹீட்டர் இப்போது எத்தனை வாட்? அப்போதுதான் உறைத்தது. எத்தனையாக இருந்தால் என்ன? சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் ஏறக்குறைய ஒரு நூறு வாட் பல்பு அளவுக்குச் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறான் என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் சிரிப்பதற்காகச் சொல்கிற விஷயம் அது. ஊரில் இருக்கிற அத்தனை மோட்டாரும் சேர்ந்து இழுத்தாலும் இந்த நூறு வாட்டில் ஒரு வாட்டைக்கூடக் குறைக்க முடியாது. கம்பம் இல்லை, வயர் இல்லை, வழியில் கொறித்துக்கொள்ள ஓம்கள் இல்லை. என் தோலும் அவள் தோலும்தான்.

அறைக்குள் ஹீட்டரின் மங்கிய சிவப்பு. என் மனைவி தலையணையில் சாய்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் என்ற ஒன்று இருந்ததா என்று தெரியவில்லை. அந்த அறை தண்ணீருக்கடியில் இருப்பது போலவும், நாங்கள் மூன்று பேரும் மெல்ல ஆடிக்கொண்டே எங்கேயோ மிதந்து போவது போலவும் இருந்தது. என் மூச்சோடு அவள் ஏறினாள், இறங்கினாள். வெளியே வெளிச்சம் வந்ததுகூடத் தெரியவில்லை. கம்பளிக்குள் கையை விட்டுப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. என் கைச் சூடாக இருக்குமோ என்று சந்தேகம் வந்து புறங்கையால் தொட்டேன். அவள் சூடுதான். நான் அழுதேன். அவள் தலைக் குல்லாவில் சொட்டாமல் இருக்க முகத்தை அண்ணாந்துகொண்டேன்.

அப்போது கூடத்தில் சிவப்பு பல்பு ஒரு பிசிறு தெளிந்தது. பார்த்துக்கொண்டேயிருந்ததால்தான் கண்டேன், இல்லாவிட்டால் தெரிந்திருக்காது. எங்கேயோ ஒரே ஒரு மோட்டார் நின்றிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மாமனாரின் பைக் வாசலில் வந்து நின்றது. உள்ளே எட்டிப் பார்க்காமல் வெளியிலிருந்தே மாமியாரிடம் சொன்னார். "ஆட்டோவக் கழட்டி வச்சிட்டு வந்துட்டேன். வெயில் ஏறினதும் போயிப் போட்டுக்கறேன். கடலை பொறுத்துக்கும்."

அவள் சிணுங்கி, வாயைத் திறந்து என் நெஞ்சில் பால் தேடினாள். அவள் அம்மா ஒருக்களித்துப் படுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு குழந்தையை வாங்கினாள். மகள் குடித்தாள்.

பாலிடெக்னிக்குக்கு லீவ் சொன்னேன். அந்த வாரம் முழுக்க நானும் மனைவியும் மாற்றி மாற்றி அவளை நெஞ்சில் சுமந்தோம். என் மனைவிக்குக் காய்ச்சல் விட்டது. நான் அறைக்குள் போகும் ஒவ்வொரு முறையும் கொல்லைக் கதவோரம் மாமியார் வைத்த ஒரு சொம்பு வெந்நீர் தயாராக இருந்தது. கிளாம்ப் மீட்டரைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. ஹீட்டர் ஒரு மூலையில் தன்னால் முடிந்தவரை எரிந்துகொண்டிருந்தது.

எடை பார்க்க அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தராசின் மேல் அவளைக் கிடத்தியதும் எண்கள் ஆடின. அவள் உதைக்க உதைக்க ஏறின, இறங்கின, நிற்கவே மாட்டேன் என்றன. எத்தனையோ மீட்டர்களில் எண் நிற்பதற்காகக் காத்திருந்தவன் நான். அன்று மாதிரி எந்த எண்ணுக்காகவும் காத்திருந்ததில்லை. என் மனைவி என் கையைப் பிடித்திருந்தாள். உள்ளங்கை நன்றாக வேர்த்திருந்தது.

நின்றது. அதே நர்ஸ் பார்த்தார், பழைய சீட்டைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"ஏறியிருக்கு. நல்லாவே ஏறியிருக்கு. உள்ள வைக்க வேணாம்" என்றார். குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்தக் குளுருல நல்லா சூடா வச்சிருக்கீங்களே. வூட்டுல ஈட்டர் போட்டீங்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். முகத்தில் இன்னும் துண்டு கட்டியிருந்தார்.

"ஆமாங்க. கரண்ட்டு இல்லன்னாலும் எரியும். இதோ பக்கத்துல நிக்கிறாரு பாருங்க, எங்க மாப்ள" என்றார்.